மெதுவா மாஸ்டர் மகளுக்கு வேலை தேடிய கதை

நான் இரண்டு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்று மூன்றாவது தடவை தேறியவள். அந்த ஐந்து மாதமும் என் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் மெதுவா மாஸ்டர். அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். வண்டி பறந்தாலும் சரி, நின்றுகொண்டிருந்தாலும் சரி, அவர் வாயில் வருவது "மெதுவா, மெதுவா" ஒன்றுதான். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் இன்னும் காதுக்குள் இருக்கும்.

தன் கதையை அவர் என்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. சிவப்பு விளக்கில் ஆரம்பிப்பார், பச்சை விழுந்ததும் நிறுத்திவிடுவார். அடுத்த வரி அடுத்த சிக்னலில் வரும், சில சமயம் அடுத்த வாரம் வரும். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டதைத்தான் இங்கே கோத்துச் சொல்கிறேன். நடுவில் ஒரு நாள் நானே கூட இருந்தேன்.

மாஸ்டருக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது மாஸ்டரும் மனைவியும் பிரிந்தார்கள். அடிதடி, கோர்ட் வாசலில் கூச்சல் என்று எதுவும் இல்லை. "ரெண்டு பேரும் நல்லவங்கதாங்க. ஒரே வீட்ல இருந்தப்பதான் அது தெரியாமப் போச்சு" என்பார். மகள் அம்மாவோடு. அம்மா ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், எதையும் நேரத்துக்குச் செய்கிறவர். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை மகள் அப்பாவிடம் இருப்பாள் என்று பேசி வைத்தார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் மாஸ்டர் மற்ற ஆறரை நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவருடைய அறை ஒரு டயர் கடைக்கு மேலே. படியேறும்போதே ரப்பர் வாசனை வரும். கீழே காற்றடிக்கும் மெஷின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடும். ஒரு கட்டில், ஒரு மேஜை. தனி ஆளுக்கு ஒரு நாற்காலி போதும், ஆனால் இரண்டு வைத்திருந்தார். மகள் சின்னவளாக இருந்தவரை பூங்காவுக்குப் போவார்கள், ஊஞ்சலில் இவரும் உட்காருவார். பதின்மூன்று வயதில் அவள் மடிக்கணினியோடு வந்தாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவர் அதிகம் பார்த்தது மகளின் முதுகைத்தான். அவள் மேஜையில் தட்டிக்கொண்டிருப்பாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து, சத்தம் வராமல் பேப்பரைப் புரட்டுவார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பழம் நறுக்கிக் கொண்டுபோய் வைப்பார். திரும்பிப் பார்க்காமலே அவள் கை மட்டும் தட்டுக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கே பையை மாட்டிக்கொண்டாள்.

"இங்க நெட் சுத்தமா வரலப்பா. வீட்ல போய்ப் பண்ணிக்கிறேன்."

மறுவாரமே மாஸ்டர் இணைய இணைப்பு வாங்கிவிட்டார். மாட்ட வந்த பையன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: "வீட்ல எத்தனை பேர் சார் யூஸ் பண்ணுவீங்க?"

"ரெண்டு பேர்" என்றார் மாஸ்டர்.

அவரிடம் இருந்தது பட்டன் வைத்த போன்.

அவளுக்குப் பதினேழு தொடங்கிய வருடம். ஒரு சனிக்கிழமை தட்டுவதை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். என்னவோ ஏதோ என்று மாஸ்டர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா, எனக்கு ஒரு வேலை வேணும்."

"எதுக்கும்மா? காசு ஏதாவது வேணுமா? நான் தரேன்."

"காசுக்காக இல்லப்பா. நான் எழுதற ப்ரோகிராம் எல்லாம் சும்மா என் கம்ப்யூட்டருக்குள்ளயே கெடக்கு. டீச்சர் நல்லாருக்குன்னு சொல்றாங்க, அம்மா நல்லாருக்குன்னு சொல்றாங்க. அவங்க சொல்லத்தானே செய்வாங்க? யாரோ ஒருத்தர், என்னை யாருன்னே தெரியாதவர், காசு கொடுத்து வாங்கினாத்தான் இது நிஜம்."

இணையத்தில் முப்பது இடத்துக்கு மேல் எழுதிப் போட்டிருக்கிறாள். எல்லோரும் முன் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும், முதலில் இதை இலவசமாகச் செய்து காட்டு என்று பத்து நாள் வேலை வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டார். இதைச் சொல்லும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊஞ்சலிலிருந்து விழுந்த அன்றும் அப்படித்தான் கடித்துக்கொண்டாளாம்.

"நான் பாக்கறேன்" என்றார் மாஸ்டர். என்ன பார்ப்பது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எட்டு வருடத்தில் அவள் அவரிடம் பழத்தைத் தாண்டி எதையும் எதிர்பார்த்ததில்லை. தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

அன்று தொடங்கியது எங்கள் பாடு. அவருக்குத் தெரிந்த உலகம் அந்தப் பக்கத்து இருக்கைதான். வங்கி அதிகாரி, பல் டாக்டர், பூந்தொட்டி விற்கிறவர், எல்லோரும் ஒரு மணி நேரம் அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள். பெரிய ரவுண்டானாவில் நாலா பக்கமும் வண்டி வந்துகொண்டிருக்க, ஸ்டியரிங்கை நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"உங்க ஆபீஸ்ல ப்ரோகிராம் எழுத ஆள் வேணுமாங்க?"

"மாஸ்டர், லாரி!"

"லாரி அது பாட்டுக்குப் போகும். வேணுமா, வேணாமா?"

யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்த ஒருவர் மட்டும், பட்டம் வாங்கட்டும், நாலு வருஷம் கழித்து வரச் சொல்லுங்கள் என்றார். அந்த வார முடிவில் மாஸ்டர் மகளிடம் கையை விரித்தார்.

"ப்ரோகிராம்னாலே எல்லாரும் தலையை ஆட்டிடறாங்கம்மா. எனக்கும் என்னன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. நீ செய்யறது என்னதான்னு எனக்குப் புரியற மாதிரி ஒரே வரியில சொல்லேன்."

"ஒருத்தர் தினமும் திரும்பத் திரும்பக் கையால செய்யற வேலை இருக்கும்ல? அதை ஒரு தடவை நான் எழுதி வெச்சுட்டா, அப்புறம் அதுவே செஞ்சுக்கும்."

மாஸ்டர் அதைப் பேப்பர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து கேள்வி மாறிவிட்டது. "தினமும் திரும்பத் திரும்ப என்ன வேலை செய்யறீங்க? எது உங்களைப் போட்டு வறுத்தெடுக்குது?"

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டோம். இத்தனை நாள் இதை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. பூந்தொட்டிக்காரர் ஒரு முழு வகுப்பும் புலம்பினார். அப்படிப் புலம்பியவர்களில் ஒருவர் கட்டில்காரம்மா. ஐம்பது வயதில் கார் கற்றுக்கொள்ள வந்தவர். வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிகளுக்குத் தலைப்பக்கம் உயரும் கட்டில், சக்கர நாற்காலி, மூச்சுக்கருவி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை அவருடையது. மாஸ்டரின் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

"காலைல கடையைத் தெறந்தா ரெண்டு மணி நேரம் போன்தான் மாஸ்டர். யாருக்கு நாளைக்குத் தவணை முடியுது, யார் திருப்பித் தரணும், யார் இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கணும். நூத்தம்பது வீடு. தொண்டைத் தண்ணி வத்திடும்."

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, மனப்பாடம் செய்த வரியை ஒப்பித்தார்.

சனிக்கிழமை மகளைக் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே தான் பேசக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாராம். பேசவும் இல்லை. மடக்கி வைத்த சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மகள் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள், ஒரே வீட்டில் இரண்டு பொருள் இருந்தால் எப்படி. பட்டியல் வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "தேதியெல்லாம் மூணு விதமா அடிச்சிருக்கீங்க ஆன்ட்டி, முதல்ல இதைச் சரி பண்ணணும்" என்றாள். அந்தக் குரலை மாஸ்டர் அதற்கு முன் கேட்டதில்லை. தன் மகள் இப்படிப் பேசுவாள் என்று வேறு யாரோ சொல்லிக் கேட்பது போல இருந்ததாம்.

கட்டில்காரம்மா சம்மதித்தார். சம்பளமும் பேசினார். அன்று சாயங்காலமே மகளின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அவ தரையிலயே இல்ல" என்றார் அவர். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆசை காட்டிட்டுப் பாதியில விட்டுடாதீங்க. நீங்க அப்படிச் செய்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

"இல்ல, விட மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

கடை பக்கத்தில் இருந்ததால், பள்ளி விட்டதும் செவ்வாயும் வியாழனும் அங்கே வேலை செய்துவிட்டு மகள் அப்பாவின் அறைக்கு வர ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று நாளானது. அந்த மாதங்களில் மாஸ்டர் எங்களைத் திட்டவே இல்லை. நான் ஒரு நாள் கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்து, இரண்டு பேரும் முன்கண்ணாடியில் முட்டப் பார்த்தோம். "பரவால்லங்க, இதுவும் ஒரு அனுபவம்தான்" என்றார். செவ்வாய்க்கிழமை நாலரை மணி ஆகிவிட்டால் போதும், அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

ஆறாவது வாரம் ப்ரோகிராம் ஓட ஆரம்பித்தது. தவணை முடிவதற்கு முந்தின நாள் காலையில், பட்டியலைப் பார்த்து அதுவே செய்தி அனுப்பும்: உங்கள் வாடகைத் தவணை நாளையுடன் முடிகிறது. திருப்பித் தருவதாக இருந்தால் 1, நீட்டிப்பதாக இருந்தால் 2 என்று பதில் அனுப்பவும். முதல் மூன்று நாளும் ஒன்றும் இரண்டுமாகக் குவிந்தன. கட்டில்காரம்மா எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சூடாக டீ குடித்ததாகச் சொன்னார்.

நாலாவது நாள் புதன்கிழமை. ஒரு வீட்டிலிருந்து எண் வரவில்லை, ஒரு வரி வந்தது. "கட்டிலில் படுத்திருந்தவர் முந்தாநாள் போய்விட்டார்."

மகள் அதைப் பள்ளி இடைவேளையில் போனில் பார்த்திருக்கிறாள். கட்டில்காரம்மா அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் கூப்பிட்டிருந்தா, ஹலோங்கற குரல்லயே தெரிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அது திட்டுவதைவிட மோசம்.

அன்று மாலை எனக்கு வகுப்பு. பயிற்சிப் பள்ளி வாசலில் சீருடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டரைப் பார்த்ததும், "அப்பா, நான் விட்டுடறேன்" என்றாள். "இனிமே இதை நான் தொட மாட்டேன்."

நான் கிளம்புகிறேன், இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "வேணாங்க, ஏறுங்க" என்றார். மகளிடம், "அந்த வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"பட்டியல்ல இருக்கு."

"சரி, பின்னாடி உக்காரு."

அப்படித்தான் நான் அவர்களை அந்த வீட்டுக்கு ஓட்டிப்போனேன். கூரையில் பள்ளிப் பலகை மாட்டிய காரில், ஊர்ந்து ஊர்ந்து. பின்னாலிருந்து ஹாரன் அடிக்காத வண்டி இல்லை. ஒரு சிக்னலில் பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

"நான் என்னப்பா சொல்றது?"

"தெரியலம்மா" என்றார் மாஸ்டர்.

மாடியில்லாத சின்ன வீடு. வெளியே நாலைந்து ஜோடிச் செருப்புகள். வண்டி நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி, "நீங்களும் உள்ள வரீங்களா?" என்றாள். மாஸ்டர் சீட் பெல்ட்டைக் கழற்றத் தடுமாறினார். ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்றுகிற பெல்ட் அது.

உள்ளே நடந்ததை அவர் எனக்கு இரண்டு வாரம் கழித்துச் சொன்னார். இறந்தவரின் மகள், நாற்பது வயதுப் பெண், கதவைத் திறந்திருக்கிறார். மாஸ்டரின் மகள் தான் யார் என்று சொல்லி, அந்தச் செய்தியை அனுப்பியது என் ப்ரோகிராம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கடகடவென்று சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பெண் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அப்பா நம்பருக்குத்தான் வந்துச்சு" என்றார். "ரெண்டு நாளா அந்தப் போன் மேஜை மேலயே கெடக்கு. அடிக்கவே இல்ல. காலைல திடீர்னு சத்தம் வந்ததும், யாரோ அப்பாவைக் கூப்பிடறாங்கன்னு ஓடி வந்தேன். எனக்குக் கோபம் எல்லாம் வரலம்மா. ஒரு நிமிஷம், அவர் பேருக்கு ஏதோ வந்திருக்குன்னு..."

கட்டில் அறையின் நடுவில் அப்படியே இருந்தது. தலைப்பக்கம் உயர்த்தியபடி, ஜன்னலைப் பார்த்து.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "ஒண்ணா ரெண்டான்னு கேட்டிருந்தீங்க. திருப்பித் தரதுன்னா இன்னைக்கே வந்து எடுத்துடுவாங்களா? கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்னு சொன்னா அதுக்கு என்ன நம்பர்?"

திரும்பி வரும்போது மகள் பின்னிருக்கையில் முன்னால் நகர்ந்து, அப்பாவின் இருக்கை முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். மாஸ்டர் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று பயந்தவர் போல. அன்று நான் மூன்று தவறு செய்தேன். ஒரு "மெதுவா" கூட வரவில்லை.

அவள் வேலையை விடவில்லை. அடுத்த நாளே கடைக்குப் போய் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இப்போது ப்ரோகிராம் தானாக எதையும் அனுப்பாது. காலையில் பட்டியலைக் கட்டில்காரம்மாவின் முன்னால் வைக்கும். எந்த வீட்டுக்குச் செய்தி போகலாம், எந்த வீட்டுக்குத் தானே பேச வேண்டும் என்று அவர் குறித்த பிறகுதான் போகும். நோய் முற்றியவர்கள் இருக்கும் வீடுகள் அவருக்குத் தெரியும். மூன்றாவதாக ஓர் எண்ணும் சேர்ந்தது: எங்களைக் கூப்பிடுங்கள். இரண்டு மணி நேர வேலை அரை மணி நேரமானது. அந்த அரை மணி நேரம் வேண்டியதுதான் என்றார் கட்டில்காரம்மா.

சம்பளம் வந்த சனிக்கிழமை மகள் கவரைப் பிரிக்காமல் மேஜையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "நிஜம்தானேப்பா?" என்றாள். "நிஜம்தாம்மா" என்றார்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கட்டில்காரம்மா தனக்குச் சாமான் கொடுக்கும் மொத்த வியாபாரியிடம் சொன்னார். அவருக்கு ஒரு வேலை. அவர் வழியாக ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்கு ஒரு வேலை. இனி அவளுக்காக யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலைகள் ஊரின் மறுகோடியில் இருந்தன. செவ்வாயும் வியாழனும் நின்றன. பிறகு சனிக்கிழமையும் இரண்டு மணி மூன்றாகி, மூன்று நாலானது. பள்ளி முடிந்ததும் பத்து மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு நகரத்தில் கல்லூரி கிடைத்தது. அங்கேயே பகுதி நேர வேலையும். மருந்தகக் கணக்கு எழுதும் ஒரு சின்னக் கம்பெனி, அவள் செய்ததைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது.

பேருந்து நிலையத்தில் அம்மாவும் வந்திருந்தார். மகள் இருவருக்கும் நடுவில் நின்றாள். பேருந்து நகர்ந்ததும் மகளின் அம்மா, "பாதியில விடல நீங்க" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். இருவரும் வெவ்வேறு பக்கமாக நடந்தார்கள்.

இதில் எங்கே தப்பு நடந்தது என்று அவர் ஒரு முறை என்னைக் கேட்டார். தப்பு எங்கும் நடக்கவில்லை. அவள் கேட்டதை அவர் தேடிக் கொடுத்தார். அது அவளை எங்கே கொண்டுபோகுமோ அங்கே கொண்டுபோனது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது போகாமல் இருக்குமா?

நான் தேறி இரண்டு வருடம் கழித்து, தேர்வு மைதானத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்றேன். நன்றாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள் என்றார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, நல்லாருக்கு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவள் வேலையைப் பற்றிக் கேட்டாலும் இவருக்குப் புரியாது, இவர் வேலையில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

"ஆனா போன வாரம் ஒண்ணு சொன்னா" என்றார். "அப்பா, நான் கார் லைசென்ஸ் எடுத்துட்டேன்னு."

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்.

"யார்கிட்டம்மா கத்துக்கிட்டேன்னு கேட்டேன். அங்க ஒரு அக்கா சொல்லித் தந்தாங்களாம். நல்லா சொல்லித் தந்தாங்களாம். பதினெட்டு ஆனதும் நானே சொல்லித் தரணும்னு ஒரு நெனப்பு இருந்துச்சுங்க எனக்கு. வாயைத் தெறந்து சொன்னதில்ல. அவளுக்கு எப்படித் தெரியும்?" டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. வெச்சிடுவாளோன்னு நெனச்சேன். அப்புறம் சும்மா கேட்டு வெச்சேன், ரிவர்ஸ் எப்படி வருதுன்னு."

"என்ன சொன்னா?"

"வரவே மாட்டேங்குதுப்பாங்கறா. கண்ணாடியைப் பாத்தா ஸ்டியரிங் மறந்துடுது, ஸ்டியரிங்கைப் பாத்தா சுவர் வந்துடுதாம்."

அவர் முகம் மாறியது. பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து, கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்ட ஆரம்பித்தார். கண்ணாடியை எவ்வளவு கீழே சாய்க்க வேண்டும், பின்சக்கரம் எந்த இடத்தில் தெரிய வேண்டும், தோளை எப்போது திருப்ப வேண்டும். அதையெல்லாம் போனில் சொல்லியிருக்கிறார். அவள் பேனாவும் காகிதமும் எடுத்துவந்து படம் போட்டுக்கொண்டு, இருங்கப்பா, இருங்கப்பா, சக்கரம் எந்தப் பக்கம், திரும்பச் சொல்லுங்க என்று கேட்டாளாம்.

"நாப்பது நிமிஷங்க" என்றார் மாஸ்டர்.